குண்டு விழுந்த இடம்

டெல்மர் ஹௌகன் காலைச் சாப்பாட்டின்போது அதைச் சொன்னதும் அவன் மனைவி ஆர்லீஸின் கையிலிருந்த காப்பிக் கெண்டி பாதியில் நின்றது.

“தீவனக் கடை ட்வைலாகிட்ட போன்ல பேசினேன். அந்த இருநூத்தி நாலு துப்பாக்கியில சுட்டா உதையே கிடையாதாம். குண்டு எங்க போய் விழுதுன்னு ஸ்கோப்லயே நாமளே பாத்துக்கலாமாம். பக்கத்துல உக்காந்து சொல்றதுக்கு ஆளே தேவையில்லையாம்.”

“அப்ப என் வேலை போச்சு.”

“ஏன், சாண்ட்விச் யாரு கட்டுவா?”

ஆர்லீஸும் சிரித்தாள். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. இரண்டு வருஷமாக அவள் கட்டிக் காத்து வந்த பொய் ஒன்று இருந்தது. அதைக் கவிழ்க்கப் பெரிய பூகம்பம் எதுவும் தேவையில்லை, சுண்டுவிரல் நீளத் தோட்டா போதும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

இவர்கள் சுடுகிற கோஃபரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தரையில் வளை தோண்டி வாழும் அணில் ஜாதி அது. அமெரிக்காவில் கனடா எல்லையை ஒட்டிய மொன்டானாவின் வடகோடியில் பனி உருகியதும் முதலில் தலைநீட்டுவது புல்லல்ல, கோஃபர்தான். மாட்டுக்கென்று போட்ட குதிரைமசாலை முதல் பந்தியில் உட்கார்ந்து தின்றுவிட்டுப் போகும். அதன் வளையில் குதிரை கால் வைத்தால் கால் போச்சு. அந்தப் பக்கத்தில் கோஃபருக்காகக் கண்ணீர் விட்ட விவசாயியை நான் பார்த்ததில்லை.

டெல்மரிடம் இருந்தது இருநூற்று நாற்பத்து மூன்று. இந்த எண்ணெல்லாம் குண்டின் பருமனைச் சொல்வது. மான் சுடுகிற துப்பாக்கி அது, அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமும் அணில் சுட்டான். வெடிக்கிற நொடியில் துப்பாக்கி தோளில் உதைத்து எகிறும். குறிபார்க்கிற ஸ்கோப்பில் வானம் தெரியும். மறுபடி வயலுக்கு வந்து சேர்வதற்குள் கோஃபர் செத்துப் புல்லில் கிடக்கிறதா, தப்பி வளைக்குள் போய்விட்டதா என்று சுட்டவனுக்குத் தெரியாது. பக்கத்தில் பைனாகுலரோடு உட்கார்ந்திருப்பவர்தான் சொல்லவேண்டும். ‘பட்டுச்சு.’ அல்லது, ‘தப்பு, மேல, ரெண்டு விரல்.’ அதை நம்பித்தான் அடுத்த குண்டு போகும்.

முப்பது வசந்தமாக அதைச் சொல்லி வந்தவள் ஆர்லீஸ். அவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஊரில் பெயர் இருந்தது. பக்கத்துப் பண்ணைக்காரர்கள் தங்கள் பெண்டாட்டிகளை விட்டுவிட்டு அவளைக் கடன் கேட்டிருக்கிறார்கள்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன் டெல்மருக்கு லேசாகப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது, நடை திரும்பிவிட்டது. வலது கையில் நடுக்கம் மட்டும் போகாமல் தங்கிவிட்டது. காப்பியைப் பாதிக் கோப்பைதான் ஊற்றவேண்டும், இல்லாவிட்டால் மேசைவிரிப்பும் சேர்ந்து குடிக்கும். அந்த வசந்தத்தில் முதல் குண்டு சுட்டபோது கோஃபருக்கு இடது பக்கம் புழுதி எழும்பியது. கோஃபர் அசையவே இல்லை, நின்று வேடிக்கை பார்த்துவிட்டு மெதுவாக உள்ளே போனது. டெல்மர் திரும்பி அவளைப் பார்த்தான். ஆஸ்பத்திரியில் டாக்டரின் வாயைப் பார்த்தானே, அதே பார்வை.

“பட்டுச்சு,” என்று சொல்லிவிட்டாள் ஆர்லீஸ். “சுருண்டு வளைக்குள்ள விழுந்துருச்சு.”

அவன் முகம் மலர்ந்தது. அந்த முகத்துக்காக அவள் இன்னும் நூறு பொய் சொல்லியிருப்பாள். சொன்னாள். நம்பும்படி இருக்கவேண்டுமே என்று நடுநடுவே ஒரு ‘தப்பு’ம் சேர்த்துக்கொண்டாள். அந்த வசந்தமும் போனது, அதற்கடுத்ததும் போனது. டெல்மர் தான் இன்னும் பழைய டெல்மர்தான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான். இவ்வளவு சுட்டும் வயலில் கோஃபர் ஏன் பெருகிக்கொண்டே போகிறது என்பதற்கும் அவனே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தான்: எல்லாம் கனடாவிலிருந்து எல்லை தாண்டி வருகிறது. காப்பிக் கடையில் இதை உரக்கச் சொல்லுவான். கேட்டவர்கள் கோப்பைக்குள் சிரித்துக்கொள்வார்கள்.

போன இலையுதிர்காலத்தில் பனித்தரையில் வழுக்கி விழுந்து தோள் ஜவ்வு கிழிந்தது. அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் அந்தப் பீரங்கியைத் தோளில் வைக்காதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால்தான் இப்போது சின்னத் தோட்டா தேடல்.

* * *

ட்வைலாவின் துப்பாக்கி மேசை தீவனக் கடையின் பின்பக்கம், கன்றுக்குட்டிப் பால்புட்டிகளையும் வேலிக்கம்பிச் சுருள்களையும் தாண்டி இருந்தது. அவளுக்கு ஐம்பது வயது. எந்நேரமும் வாயில் சூரியகாந்தி விதை இருக்கும். தோலைக் காகிதக் கோப்பையில் துப்பிக்கொண்டே வியாபாரம் பேசுவாள்.

“வாங்க பெரியவரே. ஒருவழியா பீரங்கியை விட்டு இறங்கிட்டீங்களா?”

“நானா இறங்கல. தோளு இறக்கி விட்டுருச்சு.”

ட்வைலா ரப்பர் விரிப்பின் மேல் தோட்டாக்களை உயரவாரியாக நிறுத்திவைத்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போட்டோவுக்கு நிற்பதுபோல் இருந்தது.

“இது பதினேழு. சத்தமும் கம்மி, விலையும் கம்மி. ஆனா நம்ம ஊர்க் காத்துக்கு இது தாங்காது. இங்க சுட்டா அடுத்த தாலுக்காவுல போய் விழும். இது ஹார்னெட். நூத்தம்பது கெஜம் வரைக்கும் தங்கம். அதுக்கு மேல தலையைத் தொங்கப் போட்டுரும். இது இருநூத்தி இருபத்திமூணு. ஊருக்கே பிடிச்ச பிள்ளை, எந்தக் கடையிலயும் கிடைக்கும். ஆனா பகல் பூரா சுட்டா சாயங்காலம் உங்க தோளு உங்களைத் திட்டும்.” கடைசித் தோட்டாவை விரலால் முன்னே தள்ளினாள். “இதுதான் நான் சொன்ன இருநூத்தி நாலு. முந்நூறு கெஜம் வரைக்கும் கோடு போட்ட மாதிரி போகும். மண்ணுல பட்டா பொடிப்பொடியாயிரும், எகிறிப் போய் பக்கத்து வீட்டு மாட்டைக் குத்தாது. உதை கிடையாது. நீங்க சுடறதை நீங்களே சினிமா மாதிரி பாக்கலாம்.”

டெல்மர் அதை எடுத்து உள்ளங்கையில் உருட்டினான். கை நடுங்கியது. தோட்டா விரல்களுக்கிடையே தந்தியடித்தது. ட்வைலா அந்தப் பக்கம் பார்க்காததுபோல் விதைத்தோலைத் துப்பினாள்.

“எனக்கென்னவோ அந்தப் பதினேழுதான் நல்லாருக்கு,” என்றாள் ஆர்லீஸ்.

இரண்டு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“காத்துல தள்ளும்னு இப்பத்தான சொன்னேன்?”

“தள்ளினா தள்ளட்டும். விளையாட்டாத்தான சுடறோம்.”

தள்ளத்தான் வேண்டும் என்பது அவள் கணக்கு. பதினேழாக இருந்தால் எத்தனை தப்பினாலும் காற்றின் தலையில் கட்டிவிடலாம். அந்த ஊரில் காற்றுக்கு எப்போது பஞ்சம் வந்தது?

“விளையாட்டா?” டெல்மருக்குச் சுருக்கென்றது. “வயல்ல பாதியைத் தின்னாச்சு, விளையாட்டுங்கறா!”

“சரி, அந்த ஹார்னெட்? கிட்ட இருக்கறதை மட்டும் சுட்டுக்கலாமே. இல்லாட்டி பழசுலயே பின்னாடி தடியா ஒரு ரப்பர் ஒட்டிக்கிட்டா போச்சு.”

“என்ன ஆர்லீஸ்,” ட்வைலா மேசைமேல் முழங்கையை ஊன்றினாள். “என்னென்னமோ சொல்றீங்க, இருநூத்தி நாலை மட்டும் வாயில எடுக்க மாட்டேங்கறீங்க. அது உங்க சொத்தையா எழுதி வாங்கிருச்சு?”

“விடு ட்வைலா,” என்றான் டெல்மர். “இனிமே தனக்கு வேலை இருக்காதேன்னு கிழவிக்குப் பொறாமை.” அவள் முதுகைத் தட்டினான். “பயப்படாத. உன்னை விட்டுட்டுப் போயிர மாட்டேன்.”

அவன் அவ்வளவு அன்பாகச் சொன்னது ஆர்லீஸுக்குத் தாங்கவில்லை. கால்நடை மருந்து அலமாரியைப் பார்ப்பதுபோல் நகர்ந்துபோய் நின்றுகொண்டாள். பின்னாலிருந்து ட்வைலாவின் குரல் கேட்டது.

“இப்பவே வாங்க வேண்டாம். என் சொந்தத் துப்பாக்கியைத் தரேன், கொண்டுபோய்ச் சுட்டுப் பாருங்க. உங்க பழசையும் பக்கத்துல வச்சுக்கங்க. ரெண்டையும் பேப்பர்ல போட்டுப் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.”

பேப்பர் என்றதும் ஆர்லீஸ் கையிலெடுத்த மருந்துப் புட்டியைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிட்டாள். ஒவ்வொரு ஏப்ரலிலும் முதல் கோஃபரைச் சுடுவதற்கு முன் காகிதத் தட்டு ஒன்றைக் கம்பத்தில் ஆணியடித்து, நூறு கெஜத்திலிருந்து நாலைந்து குண்டு சுட்டுப் பார்ப்பது அங்கே எல்லாப் பண்ணையிலும் வழக்கம். துப்பாக்கி நேராகப் போகிறதா என்று அப்படித்தான் தெரியும். டெல்மர் மட்டும் இரண்டு வசந்தமாக அதைச் செய்யவில்லை. செய்ய விடாமல் பார்த்துக்கொண்டவள் அவள்தான். காகிதத் தட்டு பெண்டாட்டி இல்லையே, மனசு கேட்காமல் பொய் சொல்வதற்கு! “கோஃபர்தான் பொத்துப் பொத்துன்னு விழுதே, தட்டை எதுக்குக் கொல்லணும்?” என்று கேட்டாள். அவனும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டான்.

வீட்டுக்குத் திரும்பும்போது பிக்கப் வண்டியை ஓட்டிக்கொண்டே டெல்மர் விசிலடித்தான். சொல்லிவிடலாமா, இந்த வேலிக்கதவு தாண்டியதும் சொல்லிவிடலாமா என்று நினைத்தபடியே ஆர்லீஸ் எல்லா வேலிக்கதவையும் இறங்கித் திறந்தாள், மூடினாள், வாயை மட்டும் திறக்கவில்லை.

* * *

மறுநாள் காலை வைக்கோல் இழுவண்டியை வயல் ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அதன்மேல் டெல்மர் இரும்பைப் பற்றவைத்துச் செய்த சுடும் மேசை, மணல் மூட்டைகள், இரண்டு ஸ்டூல். வழக்கம்போல் அவள் இடப்பக்கம் உட்கார்ந்தாள். பைனாகுலரைக் கண்ணில் வைத்தபோது கண்ணாடி மங்கலாக இருந்தது. துடைத்த பிறகுதான் மங்கல் கண்ணாடியில் இல்லை என்று தெரிந்தது.

இருநூறு கெஜத்துக்கு அப்பால் மண்மேட்டில் ஒரு கோஃபர், தபால்காரனுக்குக் காத்திருப்பவர்போல நிமிர்ந்து நின்றது. டெல்மர் ட்வைலாவின் துப்பாக்கியை மூட்டைகளின்மேல் சாய்த்து, கன்னத்தைப் பதித்தான். ஆர்லீஸ் மனசுக்குள் ஏதோ பிரார்த்தனை சொன்னாள். எதற்கென்று அவளுக்கே தெளிவில்லை.

பட்டென்று ஒரு சத்தம். கோஃபர் அந்தரத்தில் ஒரு குட்டிக்கரணம் போட்டுக் கீழே விழுந்தது.

“பாத்தேன்! நானே பாத்தேன் ஆர்லீஸ்! கண்ணு முன்னாடியே விழுந்துச்சு!” எழுபது வயதுக்காரன் ஸ்டூலில் குதித்தான்.

ஆர்லீஸ் நம்பவில்லை. தற்செயலாக இருக்கும் என்று நினைத்தாள். அவன் அடுத்ததைச் சுட்டான், விழுந்தது. அதற்கடுத்ததும் விழுந்தது. ஒன்று தப்பியது, அதையும் அவனே பார்த்து, “காத்து தூக்கிருச்சு” என்று சொல்லி, அடுத்த குண்டில் திருத்திக்கொண்டான். அவள் பைனாகுலரைக் கீழே இறக்கி அவன் கையைப் பார்த்தாள். காப்பிக் கோப்பையைத் தூக்கினால் தத்தளிக்கிற கை, மணல் மூட்டையில் சாய்ந்ததும் தூங்குகிற குழந்தை மாதிரி கிடந்தது. விரல் ஒன்றுதான் வேலை செய்தது. அந்த விரலுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

“பட்டுச்சு,” என்றாள், அடுத்ததற்கு. இரண்டு வருஷத்தில் அவள் உண்மையாகச் சொன்ன வெகுசில ‘பட்டுச்சு’களில் ஒன்று அது. சந்தோஷம்தான். அதற்குள்ளேயே, ‘அப்படியானால் அந்தப் பழைய துப்பாக்கியில் ஏன்?’ என்ற கேள்வியும் இருந்தது.

டெல்மர் காது மூடியைக் கழுத்துக்கு இறக்கினான். “நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணும் பெரிய வித்தியாசம் இல்லையே? பழசுலயும் இப்படித்தான விழுந்துச்சு? போன வருஷம் இதைவிட ஜாஸ்தியே விழுந்துச்சே, நீதான சொன்ன?”

“ம்.”

“பின்ன எதுக்குப் புதுசுக்குக் காசு அழணும்? அந்த ரப்பரை ஒட்டிக்கிட்டா போச்சு, நீ சொன்ன மாதிரியே. வா, பழசைப் பேப்பர்ல போட்டுப் பாத்துருவோம். ட்வைலா கேப்பா.”

“வேண்டாம் டெல்மர். தோளு…”

“நாலு குண்டுக்குத் தோளு கழண்டு விழாது.”

தட்டைக் கம்பத்தில் அவனே அடித்தான். பழைய துப்பாக்கி ஒவ்வொரு முறை உதைத்தபோதும் பல்லைக் கடித்துக்கொண்டான். சுட்டு முடித்ததும் இருவரும் வயலில் நடந்து தட்டின் அருகே போனார்கள்.

நாலு துளையும் ஒன்றையொன்று ஒட்டினாற்போல், ஒரு ஜாடி மூடிக்குள் அடங்கும்படி இருந்தன. தட்டின் நடுவில் அல்ல. இடது பக்கம், மூன்று விரல் தள்ளி.

டெல்மர் குனிந்து பார்த்தான். பிறகு சிரித்தான். “கையைப் பாத்தியா? கை இருக்கு! ஸ்கோப்தான் விலகிக் கிடக்கு. இந்தக் குளிர்காலத்துல பிக்கப்ல எங்கயோ இடிச்சிருக்கும். நல்லவேளை, பாத்தோம். இல்லாட்டி இந்த வருஷம் பூரா காத்தைத்தான் சுட்டுட்டு இருந்திருப்பேன்.”

தப்பிக்க வழி தானாக எதிரே வந்து நின்றது. ‘ஆமா’ என்று ஒரு தலையசைப்பு போதும். இரண்டு வருஷமும் மண்ணோடு மண்ணாகிவிடும், யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

ஆர்லீஸ் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். இடது பக்கம். ஒவ்வொரு தடவையும் இடது பக்கம்தான் புழுதி எழும்பியது, அதே தூரத்தில். நடுங்குகிற கை சுட்டால் குண்டு நாலா பக்கமும் சிதறும். ஒரே இடத்தில் போய் விழுமா? முப்பது வருஷம் குண்டு விழும் இடத்தைப் பார்த்தவளுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவள் குண்டைப் பார்க்கவே இல்லை. கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கையைப் பார்த்து முடிவு கட்டிவிட்டாள். அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

“இந்தக் குளிர்காலத்துல இல்ல, டெல்மர்.”

“எது?”

“ஸ்கோப். ரெண்டு வருஷமாவே அப்படித்தான். எல்லாம் இடது பக்கம்தான் விழுந்துச்சு.”

“பட்டுச்சுன்னு சொன்னியே.”

“சொன்னேன்.”

“அப்ப எதுதான் பட்டுச்சு?”

“ரொம்பக் கிட்ட நின்னது ஒண்ணு ரெண்டு. அவ்வளவுதான்.”

காற்று தட்டின் ஓரத்தைப் படபடவென்று அடித்தது. டெல்மர் ஒரு விரலைத் துளைகளின்மேல் வைத்து அதை அழுத்திப் பிடித்தான்.

“ஏன்?”

“மொதல் குண்டு தப்பினதும் நீ என்னைப் பாத்த. உன் மூஞ்சியைப் பாத்து எனக்குச் சொல்ல வரல. கையாலதான்னு நெனைச்சேன். சொன்னா நீ ஒடிஞ்சு போயிருவன்னு…”

“நீ ‘இடது’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் இந்த ஸ்கோப் திருகை எட்டு சொடுக்கு திருப்பியிருப்பேன். அவ்வளவுதான் வேலை, ஆர்லீஸ். எட்டு சொடுக்கு.” குரலை உயர்த்தவில்லை. “கனடாலேர்ந்து வருதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனே. நீயும் பக்கத்துலதான் உக்காந்திருந்த.”

“டெல்மர்…”

“நான் முடிஞ்சு போனேன்னு நீயே முடிவு பண்ணிட்ட. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.”

கத்தியிருந்தால் தேவலை. அவன் தட்டைக் கம்பத்திலிருந்து பிய்த்து மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

* * *

அதற்குப் பிறகு வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. நடந்தது வேறு. கொட்டகைக் கதவைச் சாத்தியாகிவிட்டது என்று ஆர்லீஸ் சொன்னாள். டெல்மர் சரி என்று சொல்லிவிட்டு, பூட்ஸை மாட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தான். மாத்திரை எடுத்து வைத்திருக்கிறேன் என்றாள். அவன் டப்பியைத் திறந்து எண்ணினான். சூப்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று அவள் கேட்டபோது, “நீ சொல்லு, அப்புறம் நான் குடிச்சுப் பாக்கறேன்” என்றான். வேண்டுமென்று குத்துவதற்காகச் செய்வதாகவும் தெரியவில்லை. கால் வைத்த பலகை ஒரு தரம் உடைந்துவிட்டால், அடுத்த பலகையில் யாரும் தட்டிப் பார்த்துத்தானே ஏறுவார்கள்?

நாற்பது வருஷமாக அவன் அவள் சொல்லைச் சரிபார்த்ததே இல்லை என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. அது இருந்தவரை அது இருப்பதே தெரியவில்லை. இரவு அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டு, இனி சாகும்வரை இப்படித்தானா என்று யோசித்தாள். அழுகை வந்தது, அழுதாள்.

ஒருநாள் டெல்மர் தனியாகக் கடைக்குப் போய் இருநூற்று நாலையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். நீளப் பெட்டியைச் சமையல் மேசையில் வைத்துத் திறந்தான். பழைய துப்பாக்கியின் ஸ்கோப்பையும் சரிசெய்தான். பக்கத்தில் ஆள் தேவையில்லாத துப்பாக்கி வீட்டுக்கு வந்துவிட்டது. மறுநாள் ஆர்லீஸ் சாண்ட்விச் ஒன்று மட்டும் கட்டினாள்.

“ஒண்ணா?” என்றான் அவன். “உனக்குப் பசிக்காதா? கோட்டைப் போடு, கிளம்பு.”

இழுவண்டியில் ஏறி அவள் வழக்கமான இடது ஸ்டூலில் உட்காரப் போனாள். டெல்மர் அவள் கையிலிருந்து பைனாகுலரை வாங்கிக்கொண்டு, சுடுபவர் ஸ்டூலைக் காட்டினான்.

“இன்னிக்கு நீ சுடு. நான் சொல்றேன்.”

“எனக்கு எங்க சுடத் தெரியும்?”

“பக்கத்துல முப்பது வருஷம் உக்காந்திருந்தியே. காத்து வாங்கவா உக்காந்திருந்த?”

அவள் கன்னத்தைப் புதுத் துப்பாக்கியின் கட்டையில் பதித்தாள். குறுக்குக் கோடுகள் கோஃபரைச் சுற்றி ஆடின. மூச்சை அடக்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு இழுத்தாள். உதை இல்லைதான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டவளுக்கு எந்தத் தோட்டாவும் சினிமா காட்டாது.

“தப்பு,” என்றான் டெல்மர். “கீழ. ஒரு கை.”

மறுபடி சுட்டாள்.

“தப்பு. வலது. ரொம்ப.”

மறுபடி.

“தப்பு. கோஃபர் உன்னைப் பாத்துக் கொட்டாவி விடுது.”

அவளுக்கு முகம் சிவந்தது. “ஒரு நல்ல வார்த்தைதான் சொன்னா என்ன?”

“ரெண்டு வருஷம் நல்ல வார்த்தைதான கேட்டேன்? கோஃபர் ஒண்ணும் சாகலையே.”

சுருக்கென்று தைத்தது. ஆனால் இத்தனை நாளில் அவன் அதைப் பற்றி வாய்திறந்து பேசியது இப்போதுதான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, ரோஷமும் வந்தது. ரோஷத்தோடு குனிந்தாள். அவன் சொன்ன ஒவ்வொரு தப்பையும் கூட்டிக் கழித்து, அவன் சொன்ன அளவு மேலே தூக்கி, அவன் சொன்ன அளவு இடது பக்கம் தள்ளி வைத்தாள். அவன் சலுகை காட்டாமல் சொன்னதால்தான் தள்ள முடிந்தது. ‘இன்னும் நகர்த்தினால் படும்’ என்று நம்புகிறவன்தான் தப்பென்று சொல்லுவான் என்பது அவள் மனதில் ஓடியது. இழுத்தாள். கண் பழையபடி மூடிக்கொண்டது.

“பட்டுச்சு,” என்றான் டெல்மர்.

ஆர்லீஸ் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் பைனாகுலரை இறக்கவில்லை. முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அப்போதுதான் அவன் சொன்ன சொல்லைத் தட்டிப் பார்க்கிற இடத்தில் தான் இருப்பது அவளுக்கு உறைத்தது.

“நெஜமாவா?”

“போய்ப் பாரு.”

அவள் இறங்கி நடந்தாள். குதிரைமசால் கணுக்கால் உயரம் வளர்ந்திருந்தது, பூட்ஸ் நனைந்தது. மண்மேட்டுக்குப் பின்னால் கோஃபர் கிடந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். எவ்வளவு நேரம் ஆனாலும் அவன் அவசரப்படவில்லை, சாண்ட்விச்சைப் பாதியாகப் பிய்த்து அவளுக்கு வைத்துவிட்டுத் தன் பாதியைத் தின்றுகொண்டிருந்தான்.

“இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“நடை எப்படி?”

“தூரம்,” என்றாள் ஆர்லீஸ். “ஒவ்வொண்ணுக்கும் போய்ப் பாக்க முடியாது.”

“அதான்,” என்றான் டெல்மர். “எனக்கும் கால் வலிக்குது, கொட்டகைக்கும் வீட்டுக்குமா நடந்து.”

அவன் எழுந்து அவளை இடது ஸ்டூலுக்கு நகரச் சொன்னான். பைனாகுலரை அவள் மடியில் வைத்தான். பிறகு குனிந்து உறையிலிருந்து பழைய துப்பாக்கியை எடுத்தான்.

“டாக்டர் வேண்டாம்னாரே. அதான் புதுசு இருக்கே? அதுல நீயே பாத்துக்கலாமே.”

“பாத்துக்கலாம்.” தோட்டாவை உள்ளே தள்ளினான். “உன்னைத்தான் கேக்கறேன்.”

துப்பாக்கி உதைத்து எகிறியது. அவன் முகம் வலியில் சுளித்தது. ஆர்லீஸ் பைனாகுலரை அசைக்காமல் பிடித்திருந்தாள். கோஃபர் நின்ற இடத்திலேயே நின்றது. அதற்கு வலது பக்கம், காற்று குண்டைத் தள்ளிவிட்ட இடத்தில், புழுதி எழுந்து போனது. டெல்மர் அவளைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பழைய பார்வை கொஞ்சம் மிச்சம் இருக்கத்தான் செய்தது.

“தப்பு,” என்றாள் ஆர்லீஸ். “வலது. நாலு விரல்.”

டெல்மர் ஸ்கோப்பில் குனிந்தான். குறியை நாலு விரல் இடது பக்கம் நகர்த்தினான்.